ஆமென் சொல்லுமுன் யோசியுங்கள்

ஐயரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, தோத்திரம். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பிரசங்கியார் மூச்சுக்கு ஒருமுறை “ஆமென் சொல்லுங்கள்” என்கிறார். சத்தம் குறைந்தால் மறுபடியும் சொல்ல வைக்கிறார். ஆமென் என்று உரக்கச் சொன்னால்தான் பலன் உண்டா? (சாத்தான்குளம் வாசகர்)

பதில்: சத்தத்துக்கும் பலனுக்கும் சம்பந்தம் இல்லை, தம்பி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவருக்கு வேண்டுமானால் இருக்கலாம்.

ஆமென் எபிரெயச் சொல். அசையாமல் நிற்பது, உறுதியாயிருப்பது என்பது அதன் வேர். விசுவாசம் என்பதற்கும் எபிரெயத்தில் அதே வேர்தான். ஏசாயா 7:9-இல் “நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்” என்று படிக்கிறோமே, அந்த வசனத்தில் விசுவாசிப்பது, நிலைபெறுவது இரண்டுமே ஆமென் என்ற வேரில் முளைத்தவை. ‘இதன்மேல் நிற்கிறேன்’ என்கிறவன்தான் ஆமென் சொல்லத் தகுந்தவன்.

இந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று பார்க்க உபாகமம் 27-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். கானானுக்குள் நுழைந்ததும் செய்யவேண்டிய சடங்கு அங்கே எழுதியிருக்கிறது. லேவியர் பன்னிரண்டு சாபங்களை ஒவ்வொன்றாகக் கூறவேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஜனங்களெல்லாரும் ஆமென் என்று சொல்லவேண்டும். குருடனை வழிதப்பச் செய்கிறவன், பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரிய நியாயத்தைப் புரட்டுகிறவன், பரிதானம் (லஞ்சம்) வாங்கிக் குற்றமில்லாதவனைக் கொல்லுகிறவன் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பக்கத்து ஆட்கள் தவறாமல் வாசிக்கவேண்டியது பதினேழாம் வசனம்: அடுத்தவனுடைய எல்லைக்குறியைத் தள்ளி நடுகிறவன் சபிக்கப்பட்டவன்.

முந்தின இரவு வரப்புக்கல்லை ஒரு முழம் நகர்த்தியவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பான். பக்கத்தில் அந்த வயலுக்குச் சொந்தக்காரனும் நிற்பான். ஊரோடு சேர்ந்து இவனும் வாயைத் திறந்து ஆமென் சொல்லியாகவேண்டும். முணுமுணுத்தாலும் அது அவனைப் பிடித்துக்கொள்ளும். பத்திரத்தில் சின்னதாகப் போட்டால் கையெழுத்து செல்லாமலா போய்விடும்?

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் சொல்லுவதுதான் ஆமென் என்ற வழக்கம். நம்முடைய ஆண்டவரோ அதைப் பேச்சின் முதலில் வைத்தார். யோவான் சுவிசேஷத்தில் 25 இடங்களில் வருகிற “மெய்யாகவே மெய்யாகவே” என்பது மூலத்தில் “ஆமென், ஆமென்” தான். யாரும் வழிமொழியுமுன்பே தம் வார்த்தைக்குத் தாமே பொறுப்பேற்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எந்த வாக்கியத்துக்கு ஆமென் கேட்கிறார் என்று கவனியுங்கள். “இந்த வருஷம் உங்கள் வாசலில் கார் நிற்கும், ஆமென் சொல்லுங்கள்” என்றால் நீங்கள் தாராளமாக வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: மகளைப் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் கொடுத்திருக்கிறேன். போன மாதம் சம்பந்தி அம்மாள் “நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?” என்று கேட்டார். நான் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, அன்றுமுதல் ஆலயத்துக்குப் போகிறவள். தேதி சொல்லத் தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் கூசிப்போனேன். எனக்கு இரட்சிப்பு இல்லையா ஐயா? (நாசரேத் வாசகி)

பதில்: கூச ஒன்றுமில்லை அம்மா. சம்பந்தி அம்மாளும் தப்பான எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் சபையில் தேதி சொல்லிச் சாட்சி கூறுவது வழக்கம், அதனால் கேட்டிருப்பார்கள். பவுலிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். தமஸ்குவுக்குப் போகிற வழி, மத்தியான வேளை, வானத்திலிருந்து ஒளி என்று நேரம் முதற்கொண்டு அப்போஸ்தலர் நடபடிகளில் பதிவாகியிருக்கிறது.

அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது தேதி கேட்கவில்லை. உன்னிலுள்ள விசுவாசம் முந்தி உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் உன் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்கிறார். பாட்டி மடியில் ஜெபம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எந்தத் தேதியைக் குறிப்பது? நீங்கள் தீமோத்தேயு வகை. உங்கள் சம்பந்தி பவுல் வகையாக இருக்கலாம். வேதத்தில் இரண்டு பேருக்கும் இடம் உண்டு.

இரட்சிப்பைப் பவுல் மூன்று காலத்திலும் பேசுகிறார். உங்கள் வேதாகமத்தைத் திறந்தால் வினைமுற்றிலேயே தெரியும். ரோமர் 8:24-இல் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம், 1 கொரிந்தியர் 1:18-இல் இரட்சிக்கப்படுகிற நாம், ரோமர் 5:10-இல் இனி இரட்சிக்கப்படுவது. முடிந்ததும் உண்டு, நடப்பதும் உண்டு, வரவேண்டியதும் உண்டு. தேதி கேட்கிறவர்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். “எல்லாம் கடைசி நாளில் தெரியும்” என்று நழுவுகிற நம் சபைக்காரர்கள் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு பேர்மேலும் வருத்தம்தான்.

இன்னொன்று. இரட்சிப்பு என்றதும் செத்தபின் மோட்சம் என்று மட்டும் நினைக்கிறோம். சுவிசேஷங்களில் அது வருகிற இடங்களைப் பாருங்கள். பன்னிரண்டு வருஷமாய் இரத்தப்போக்கால் அவதிப்பட்டு, வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்த ஒரு பெண், கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். “மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்கிறார். அவளுக்கு உடம்பு சரியானது. ஊர் நடுவில் ‘மகளே’ என்று ஒருவர் கூப்பிட்டதும் நடந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவளுடைய இரட்சிப்பு. பேதுரு கடலில் அமிழ்ந்து போகிறபோது “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்று கத்தினார். தண்ணீர் கழுத்துக்கு ஏறுகிற நேரத்தில் அவர் மறுமையைப் பற்றி யோசித்திருக்கமாட்டார்.

சம்பந்தி அம்மாள் மறுபடி கேட்டால் இந்த மூன்று வசனங்களையும் சேர்ந்து வாசிக்கலாம் என்று அன்பாய்க் கூப்பிடுங்கள். காபி போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: கிருபை, இரக்கம் – என்ன வேறுபாடு? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கிடைக்கவேண்டிய தண்டனை கிடைக்காதது இரக்கம், தகுதியில்லாத நன்மை கிடைப்பது கிருபை என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்போம். பரீட்சைக்கு அது போதும். எனக்குப் பிடித்த விளக்கம் 23-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். நன்மையும் கிருபையும் என்னைத் ‘தொடரும்’ என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த வினை சாதுவானது அல்ல. பார்வோன் இரதங்களைப் பூட்டி இஸ்ரவேலரைத் துரத்தினான் என்று யாத்திராகமம் 14-இல் வருகிறதே, அதே வினை. தாவீதைச் சவுல் துரத்தினான், படைகள் துரத்தின. இங்கே அவரை விடாமல் துரத்துவது கிருபை. ஓடி ஒளிகிறவனுக்குத்தான் இந்தச் சொல்லின் ருசி தெரியும்.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ‘எபெனேசர் இல்லம்’ என்று பெயர் வைக்கிறோம். பொருள் சரிதானே? (மெஞ்ஞானபுரம் வாசகர்)

பதில்: சரிதான். எபெனேசர் என்றால் உதவியின் கல். 1 சாமுவேல் 7:12-இல் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்று சொல்லி அந்தப் பெயரிட்டார். நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு இந்தக் கல்வெட்டைப் பார்க்கிறேன். கிரானைட்டில் பொன்னெழுத்து, கீழே பிரதிஷ்டை செய்த ஆயரின் பெயர், சில இடங்களில் ஆயரின் பெயர் கர்த்தருடைய பெயரைவிடப் பெரிதாக.

மூன்று அதிகாரம் பின்னால் புரட்டுங்கள். 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு சண்டைக்குப் பாளயமிறங்கின இடத்தின் பெயரும் எபெனேசர். முதல் நாள் நாலாயிரம்பேர் விழுந்தார்கள். கர்த்தர் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தால் ஜெயிக்கலாம் என்று நினைத்தார்கள். பாளயம் அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். அடுத்த சண்டையில் முப்பதினாயிரம் காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. செய்தி கேட்ட கிழ ஆசாரியர் ஏலி ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து செத்தார்.

பெட்டி பெலிஸ்தரிடம் ஏழு மாதம் இருந்து திரும்பியது. பிறகு கீரியாத்யாரீமில் இருபது வருஷம் கழிந்தது. அதற்குப்பின்தான் சாமுவேல் கல்லை நட்டுத் தோல்வி நினைவாகிய அதே பெயரை அதற்குச் சூட்டுகிறார். ‘இம்மட்டும்’ என்பதற்குள் அந்த முப்பதினாயிரம்பேரும் அடக்கம். வீடு கட்டி முடித்தவர்கள் மட்டுமல்ல, பாதியில் நின்றுபோய்க் கம்பி துருப்பிடிக்கிறவர்களும் அந்தப் பெயரை வைக்கலாம். நீங்கள் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் இன்னும் பொருத்தம்.

கேள்வி: ஓசன்னா என்றால் வாழ்க என்று பொருளா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: குருத்தோலை ஞாயிறு பவனியில் அப்படித்தான் ஒலிக்கிறது. அதன் அடி 118-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனம்: “கர்த்தாவே, இரட்சியும்.” முறையீடாகப் பிறந்து வாழ்த்தாக மாறிய கூக்குரல். அடுத்த பவனியில் முறையிட வேறு காரணம் இருந்தால் அதையும் ஓலையோடு பிடித்துக்கொண்டு நடங்கள்.

கேள்வி: அப்பா இறந்தபின் என் பங்குப் பணத்தையும் அண்ணனே எடுத்துக்கொண்டார். கேட்டால் சிரிக்கிறார். “திருவிருந்து எடுக்குமுன் மன்னித்துவிடு, பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள்” என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள். மன்னித்தால் பணத்தைக் கேட்கவே கூடாதா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கையே, உறவினர்கள் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டி உன் தலையில் வைத்துவிட்டார்கள். மன்னிப்பு ஒன்று, ஒப்புரவாகுதல் (முறிந்த உறவு மறுபடி கூடுவது) வேறொன்று. முதலாவதை நீ தனியாகச் செய்யலாம். இரண்டாவதற்கு ஆள் இரண்டு வேண்டும்.

மன்னிப்பை வேதம் கடன் என்ற கணக்கில்தான் பேசுகிறது. “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று ஜெபிக்கிறோம். மத்தேயு 18-இல் வருகிற உவமையில், ராஜாவிடம் பெருங்கடன் மன்னிக்கப்பட்ட ஓர் ஊழியக்காரனுக்கு அவன் உடன் ஊழியக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணம். சில்லறைக் கடன் என்று பிரசங்கத்தில் தள்ளிவிடுவார்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஆகவே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உனக்கு நேர்ந்த நஷ்டம் அற்பம் என்று ஆண்டவர் சொல்லவே இல்லை. ராஜா விட்டுக்கொடுத்த பதினாயிரம் தாலந்தை அதே கணக்கில் (தாலந்து ஒன்றுக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம்) பார்த்தால் ஆறு கோடி நாள் கூலி, ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கு மேல். அந்தக் கணக்கின் முன்னால் நின்றுகொண்டுதான் அண்ணனை மன்னிக்கச் சொல்கிறார். மன்னிப்பது என்றால் அவர் கெட்டுப்போகவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது. அதை நீ இன்றைக்கே தொடங்கலாம், அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே.

ஒப்புரவுக்கு யோசேப்பைப் பார். அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. வருஷங்கள் கழித்துத் தானியம் வாங்க அவர்கள் எதிரே வந்து நின்றபோது, எகிப்தில் அதிகாரியாகிவிட்டிருந்த யோசேப்பு ஒதுங்கிப்போய் அழுதான். மனம் இளகிவிட்டது. ஆனாலும் தான் இன்னாரென்று சொல்லவில்லை. அண்ணன் சிமியோனைப் பிடித்து வைத்தான், தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போட்டான், ஆள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தான். “இளையவனை விட்டுவிடும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்” என்று அதே யூதா முன்வந்த பிறகுதான் யோசேப்பு சத்தமிட்டு அழுது தன்னை வெளிப்படுத்தினான். அழுகை முதலில் வந்தது, கதவு பிற்பாடு திறந்தது.

உன் அண்ணன் செய்யவேண்டியது லூக்கா 19-இல் இருக்கிறது. அநியாயமாய் எடுத்ததை ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்பது மோசேயின் பிரமாணம். லூக்காவில் வருகிற வரிவசூல்காரன் சகேயு நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். அதைக் கேட்டபின்தான் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்றார் ஆண்டவர். நெருக்குகிற உறவினர்கள் அந்த அதிகாரத்தை அண்ணன் வீட்டில் போய் வாசிக்கட்டும். நீ பங்கைக் கேள். பெரியவர்களை வைத்துக் கேள், தேவையானால் வழக்கறிஞரை வைத்தும் கேள். மனதில் வன்மம் இல்லையென்றால் திருவிருந்துக்கும் போ.

கேள்வி: வெள்ளை உடுத்து, நகை கழற்றினால்தான் பரிசுத்தம் என்கிறார் என் நண்பர். நான் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி கம்மல் போடுகிறாள். நாங்கள் பரிசுத்தம் இல்லையா? (உடன்குடி வாசகர்)

பதில்: நண்பர் 1 பேதுரு 3:3-ஐக் காட்டியிருப்பார். பொன்னாபரணம் அதில் உண்டுதான். மயிரைப் பின்னுவதும் அதே வசனத்தில் உண்டு. அவர் வீட்டில் சடை பின்னாமல் இருக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்; சண்டை வந்தால் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

பரிசுத்தம் என்றால் தேவனுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. எதிலிருந்து பிரிப்பது, எப்படிப் பிரிப்பது என்பதற்கு லேவியராகமம் 19-ஆம் அதிகாரம்தான் விரிவான விடை. “நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்” என்று தொடங்கிச் சில வசனங்களிலேயே வயலுக்குப் போகிறது. ஓரத்துக் கதிரை அறுக்காதே, ஏழைக்கு விடு. கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. நரைத்தவனுக்கு முன் எழுந்திரு. உடையைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது: இரண்டுவகை நூல் கலந்த துணி வேண்டாம். அதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் நண்பரின் வெள்ளை டெரிகாட்டன் சட்டை தேறாது.

முடிகிற இடத்தில் உங்கள் கடை வந்துவிடுகிறது. தராசு, நிறைகல், மரக்கால், படி எல்லாம் சுமுத்திரையாக, அதாவது சரியான அளவாக, இருக்கவேண்டும் என்கிறது. கம்மலைப் பற்றி நீங்களும் உங்கள் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களிடம் எனக்கு இருப்பது இரண்டு கேள்விகள்தான். எலக்ட்ரானிக் தராசுக்கு இந்த வருஷ முத்திரை வாங்கியாயிற்றா? பொட்டலம் கட்டுகிற பையனுக்குச் சனிக்கிழமை ராத்திரியே சம்பளம் போகிறதா?