நிலாவரைக்குப் பதில் ஆவாரம்பூ குடிக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மலச்சிக்கலுக்காக ஒரு வருடமாகத் தினமும் இரவு நிலாவரைப் பொடி சாப்பிடுகிறார். முதலில் ஒரு ஸ்பூன் போதுமாக இருந்தது. இப்போது இரண்டு ஸ்பூன் போட்டால்தான் போகிறது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. நிலாவரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ டீ கொடுக்கலாமா? இரண்டும் ஒரே இனம்தானே?

பதில்: இனம் ஒன்றுதான், மருந்து வேறு. நிலாவரையை நிறுத்த வேண்டியதுதான், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஆவாரம்பூ அதன் இடத்தை நிரப்பாது.

கடைகளில் நிலவாகை என்றும் சொல்லப்படும் நிலாவரை, சென்னா அலெக்சாண்ட்ரினா என்ற செடியின் இலை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் பயிராகி, 'தின்னவேலி சென்னா' என்ற பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகிறது. வேலை செய்யும் சரக்கு இலையில் உள்ள சென்னோசைடுகள். இவை வயிற்றிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பகுதியைக் கழற்றி, ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுதான் குடலை அசைத்து, நீர் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இவ்வளவும் நடக்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால்தான் இரவில் சாப்பிடச் சொல்கிறார்கள். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு 'இன்னும் வேலை செய்யவில்லையே' என்று இன்னொரு ஸ்பூன் போட்டால், காலையில் வயிற்றை முறுக்கி எடுக்கும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல இலையில் சுமார் 2.5 சதவீதம் சென்னோசைடு இருக்கும். ஒரு டீஸ்பூன் பொடி ஏறத்தாழ 2 கிராம், அதாவது 50 மில்லிகிராம் சென்னோசைடு. உங்கள் அப்பா எடுப்பது 100. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நாள் அளவோ 15 முதல் 30 மில்லிகிராம், அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 12 மில்லிகிராம் சென்னோசைடு மாத்திரையில் எட்டை ஒரே வேளையில் விழுங்குவதற்குச் சமம் அப்பா எடுக்கும் அளவு. 'மூலிகைதானே' என்ற நினைப்பில் நடக்கிற தவறு இதுதான்: மாத்திரையை எண்ணுகிறோம், பொடியை அள்ளிப் போடுகிறோம்.

அளவு ஏறிக்கொண்டே போவதற்கு ஒரு எளிய காரணமும் உண்டு. பெரிய அளவு பெருங்குடல் முழுவதையும் காலி செய்துவிடும். அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியில் போகாமலிருப்பது இயல்பு. அதை மலச்சிக்கல் என்று எண்ணி மறுபடி பொடி, மறுபடி காலி.

இப்போதைய முதல் கவலை மலச்சிக்கல் அல்ல, பொட்டாசியம். நிலாவரை அதிகமானால் மலத்தோடு பொட்டாசியம் போகிறது; நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் அதைச் சிறுநீரில் கழிக்கின்றன. கெண்டைக்காலில் குரக்களி, கை கால் அசதி, நெஞ்சுப் படபடப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) பரிசோதனை செய்துவிடுங்கள். இதயத்துக்கு டிஜாக்சின் எடுப்பவராக இருந்தால் நாள் கடத்தவே கூடாது. இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயம் வேண்டாம், அது இந்த இலையின் நிறம்.

குறைக்கும் முறை: முதலில் இசப்கோல் உமியைத் தொடங்குங்கள். மாலையில் ஒரு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடிக்க வேண்டும். கெட்டியாகும்வரை வைத்தால் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். படுக்கப் போகும்போது கொடுக்காதீர்கள். நாலைந்து நாள் பழகியதும் நிலாவரையை ஒன்றரை ஸ்பூனாக்குங்கள். பிறகு வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்து, அரை ஸ்பூனுக்கு வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் நிறுத்தம். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் கழிப்பறையில் உட்காரட்டும். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே ஒரு தள்ளு தள்ளும். அந்த நேரத்தைத் தவறவிடுவதாலேயே பலருக்குச் சிக்கல். இடையில் இரண்டு நாள் போகாவிட்டால் பொறுத்திருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாந்தியோடு வயிறு உப்புசம் இருந்தால் இந்த முறை பொருந்தாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) குடல் உட்சுவர் கறுத்துத் தெரிவதுண்டு. பார்க்கப் பயமாக இருக்கும்; நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இனி ஆவாரை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதன் பூவில் முக்கியமாக இருப்பவை ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள். பட்டையில் டானின், தோல் பதனிடப் பயன்பட்டது அதனால்தான். டானின் துவர்ப்பு, மலத்தை இறுக்கும் பக்கம். நீரிழிவு எலிகளில் ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைத்தது உண்மை, ஆகவே சர்க்கரை மாத்திரை போடுபவர் இதைத் தினமும் குடித்தால் ரத்தச் சர்க்கரை அளவைக் கண்காணிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 1981-இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, அங்கே 'ரணவரா' தேநீராகக் குடிக்கப்படும் இதே செடியில், கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு இருப்பதைக் காட்டியது. எப்போதாவது ஒரு கோப்பை பரவாயில்லை. தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

நிலாவரையில் ஆவாரை இலையைக் கலப்பதும் பழைய கடைத் தந்திரம். பொடியாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எப்போதாவது தேவைப்பட்டால் இலையாக வாங்குங்கள். நிலாவரை இலை வெளிறிய மஞ்சள் பச்சை, முனை கூர், அடிப்பகுதியில் நடு நரம்பின் இரு பக்கமும் சமமாக இருக்காது. ஆவாரை இலை மழுங்கிய முனையுடன் நீள்வட்டமாக இருக்கும். ஒரு கிராம் இலையைச் சுக்குத் துண்டோடு குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடிகட்டினால் வயிற்றுக் கடுப்பு குறையும். கொதிக்க வைத்தால் பிசினும் இறங்கி முறுக்கும். கர்ப்பிணிகளும் 12 வயதுக்குட்பட்டவர்களும் தொடக் கூடாது.

காட்டில் பறித்துப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதே இனத்துச் சீமை அகத்தி படர்தாமரைக்கு மேலே பூசத்தான். சாலையோரம் வளரும் பேயாவரையோ இன்னும் மோசம்: மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அதன் காய் விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். வீட்டருகே பேயாவரை இருந்தால் காய் வருவதற்கு முன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.