அடித்து எழுதிய பெயர்

வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

அன்றும் இன்றுமாக இரண்டு காலத்தில் நடக்கும் கிறிஸ்தவக் குடும்பக் கதைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டாலும் போட்டேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேள்வி கேட்கவில்லை, சொந்தக் கதையையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முதல் கடிதம் அப்படிப்பட்டது. அதற்கே அதிக இடம் போய்விட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, என் ஆச்சியின் வேதாகமத்தில் கடைசி வெற்றுத் தாளில் குடும்பத்தாரின் பிறப்பு, இறப்பெல்லாம் எழுதியிருக்கிறது. முதல் வரியில் 'மாடத்தி' என்ற பெயரை அடித்துவிட்டு, மேலே 'ஞானம்மாள்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் என் ஆச்சிக்கு ஆச்சி. தாது வருஷப் பஞ்சத்தில் சபைக்கு வந்தவராம். இதை வைத்து நாவல் தொடங்கினேன். அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னபோது, "கஞ்சிக்குத்தானே மாறினீங்க?" என்று சிரித்தார். அதோடு எழுத்து நின்றுவிட்டது. அவர் சோற்றுக்காக வந்தாரா, விசுவாசத்தால் வந்தாரா? எப்படி எழுதுவது? (வாசகி, தாம்பரம்)

பதில்: தங்கச்சி, ஆச்சிக்கு ஆச்சியை ஓட்டி என்பார்கள். பாட்டி, பூட்டி, ஓட்டி. நாம் தொலைத்துக்கொண்டு வருகிற சொல், உங்கள் நாவலிலாவது இருக்கட்டும்.

சிரித்தவருக்குப் பதில் சொல்ல நாவல் எழுதாதீர்கள். அவருக்கு வேண்டுமானால் ஒரு கணக்குச் சொல்லலாம். 1876இல் மழை பொய்த்தது. சர்க்கார் நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க சர்க்கார் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க வெயிலில் உடம்பு வளைய வேண்டும். அந்த வருஷங்களில் திருநெல்வேலிச் சீமையில் கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்தார்கள் என்பது உண்மை. உங்கள் ஓட்டி பசியோடு வந்தார் என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசித்தவளுக்குப் பசியைத் தவிர மனசில் வேறொன்றும் இருந்திருக்காது என்று நினைப்பதுதான் அசிங்கம்.

ஆனால் பஞ்சம் 1878இல் முடிந்துவிட்டது. மழை பெய்தது, கஞ்சித் தொட்டி மூடியாயிற்று. வந்தவர்களில் திரும்பிப் போனவர்களும் உண்டு. உங்கள் ஓட்டி போகவில்லை, போயிருந்தால் அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருக்காது. ஆகவே நாவலைப் பஞ்சத்தில் தொடங்காதீர்கள். எலும்பும் தோலுமான குழந்தை, காய்ந்த குளம் என்று இருபது பக்கம் போய்விடும், எல்லோரும் எழுதுகிற இருபது பக்கம். பஞ்சம் தீர்ந்த மறுவருஷத்தில் தொடங்குங்கள். கம்பு விளைந்திருக்கிறது. சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா என்று அண்ணன் வந்து கூப்பிடுகிறான். அந்தச் சாமியை நினைத்து அவளுக்கு வைத்த பெயர்தான் மாடத்தி. போனால் சபையின் உபதேசியார் கேட்பார், போகாவிட்டால் அண்ணன் இனிமேல் வாசலை மிதிக்க மாட்டான். அவள் வாசற்படியில் நிற்கிறாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், என்னிடம் கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று, அந்த அடித்த கோடு. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு இரண்டு நாள் அதே நினைப்பு. அடித்த பெயரை உங்களால் படிக்க முடிகிறது அல்லவா? அப்படியானால் ஒற்றைக் கோடாக இருக்க வேண்டும். மறைக்க நினைத்தவர் மையை அப்பியிருப்பார், இல்லையென்றால் பிளேடால் சுரண்டியிருப்பார். இவர் படிக்கும்படியாக அடித்திருக்கிறார். எழுதியவர் யார்? பேச்சுப் பழக்கத்தில் மாடத்தி என்று எழுதிவிட்டுச் சுதாரித்துக்கொண்ட மகனா? வேறொருவர் பிறகு வந்து திருத்தினாரா? இரண்டு மையும் ஒரே நிறமா? அடையாளம், வேர் என்று நூறு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரியை ஒழுங்காகப் பார்த்தால் போதும். இன்றைய காலத்துக் கதாநாயகி தேடிப் போகிற விஷயமும் இதுவாகவே இருக்கட்டும்.

தேடிப் போகும்போது சபைப் பதிவேட்டில் எல்லாம் கிடைத்துவிடுவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க நான் மூன்று தரம் அலைந்தேன். முதல் தரம் ஐயர் ஊரில் இல்லை. (எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) இரண்டாம் தரம் பீரோ சாவி இல்லை. மூன்றாம் தரம் புத்தகம் வந்தது. பூச்சி அரித்த துணி பைண்டு, மை காவி நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரே தேதியில் பதினோரு பெண்கள். அதில் நாலு பேர் மரியாள். வயது என்கிற கட்டத்தில் 'சுமார்' போட்டு 30, 30, 40, 30. பழைய பெயர் ஒருத்திக்கும் இல்லை. உங்களிடம் ஒன்று இருக்கிறது. அந்த நாலு மரியாள்களையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட நாவல்களில் இன்றைய காலத்துப் பகுதி வந்தாலே நான் பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன். எனக்கு மட்டும்தானா? (வாசகர், திருச்சி)

பதில்: எனக்கும்தான். பழைய காலத்தில் ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், இந்தக் காலத்தில் ஒருத்தி பரணில் பெட்டியைத் திறந்து பெருமூச்சு விடுகிறாள். யார் படிப்பார்கள்? இன்றைய ஆளுக்கும் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும்தான். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. அதனால் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் (எங்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம்) ஒரு பெயர் என்று வாழ்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் 'மதம்' என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பதினேழு வயசுப் பிள்ளையை எழுதுங்கள். 1877இல் பெயரை மாற்றிக்கொண்டவளுக்குப் பக்கத்தில், பெயரை மாற்ற முடியாமல் இருக்கிற அவளுடைய வம்சத்துப் பிள்ளை. அப்புறம் நீங்கள் எந்தப் பக்கத்தையும் தள்ள மாட்டீர்கள்.

கேள்வி: கிளாரிந்தாவைப் பற்றி எழுதுகிறேன். உண்மையில் வாழ்ந்தவர் வாயில் நாமாக வசனம் வைக்கலாமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஐயா, கிளாரிந்தா வாழ்ந்த ஊரிலேயே இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! தாராளமாக வைக்கலாம். தெரிந்த விவரங்களை மட்டும் வளைக்காதீர்கள். தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர், அவர் இறந்த பிறகு 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். 1785இல் அவர் முயற்சியில் கோயில் எழும்பியது. இதெல்லாம் உங்களுக்குப் பாடம்தான். எனக்குப் பிடித்தது வேறு. பட்டியலில் அவர் கிளாரிந்தா, ஊர் வாயில் அந்தக் கோயில் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'. சாதியை விட்டு வந்தவர் கட்டிய கோயிலுக்கு ஊர் அந்தச் சாதியாலேயே பெயர் வைத்தது. கேலியா, மரியாதையா, வெறும் பழக்கமா? அவர் காதில் அது விழுந்தபோது முகம் எப்படிப் போயிருக்கும்? வசனம் வைப்பதானால் அந்த இடத்தில் வையுங்கள்.

வேத வசனம் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நான் சூடுபட்டவள். என் கதையில் 1780ஆம் வருஷத்து உபதேசியார் ஒருவர் மரணப்படுக்கையில் ஒரு சங்கீதம் சொல்வார். எனக்கு மனப்பாடமாக வருகிறதே என்று நம் வேதாகமத்தில் உள்ளபடியே எழுதிவிட்டேன். பணி ஓய்வு பெற்ற ஐயர் ஒருவரிடமிருந்து தபால் அட்டை வந்தது: "உங்கள் உபதேசியார் 91 வருஷம் முந்திப் பேசுகிறார்." நாம் வாசிக்கிற நடை, ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் திருத்தி 1871இல் வந்த வேதாகமத்தின் வழியே வந்தது. 1780இல் பாளையங்கோட்டையில் ஒருவர் கையில் புதிய ஏற்பாடு இருந்தால் அது மிஷனரி பப்ரிசியுஸ் மொழிபெயர்த்து 1772இல் வெளியிட்டதாக இருக்கலாம், இல்லாவிட்டால் 1715இல் தொடங்கிய தரங்கம்பாடி அச்சுகளில் ஒன்றாக இருக்கலாம். அந்தத் தபால் அட்டை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

கேள்வி: என் நாவலில் கதாநாயகிக்கு ஓர் ஓலைக் கடிதம் கிடைக்கிறது. அதைப் படித்ததும் குடும்ப ரகசியம் தெரிகிறது. சரிதானே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மடமடவென்று படித்துவிடுகிறாளா? படிக்க விடாதீர்கள். ஓலையில் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, குத்தினால் ஓலை கிழியும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இரண்டுக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வீரமாமுனிவர் கொம்பைத் திருத்தியது 18ஆம் நூற்றாண்டில், ஆனால் எழுத்தாணி பிடித்தவர்கள் பலர் அதற்குப் பிறகும் பழைய வழக்கத்திலேயே எழுதினார்கள். ஆகவே அண்ணன் தங்கைக்கு எழுதிய ஓலையில் 'கொடைக்கு வா' என்று இருப்பதை உங்கள் கதாநாயகி 'கோடைக்கு வா' என்று படிக்கலாம். திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறான், இவள் வெயில் காலத்துக்குக் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். நூறு பக்கத்துக்கு அது தாங்கும். (தாம்பரம் தங்கச்சி, இதை நீங்கள் எடுத்துக்கொண்டாலும் நாகர்கோவில்காரருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள்.)

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்லை. எழுதலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கிளாரிந்தாவைப் பற்றி 1915இலேயே ஆங்கிலத்தில் நாவல் எழுதிய அ. மாதவையா கிறிஸ்தவர் இல்லை. நீங்களும் எழுதுங்கள். அதற்கு முன் நாலு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிரசங்கத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள், அறிவிப்புகள் முடியும் வரை இருங்கள். சபை என்றால் என்ன என்பது அறிவிப்புகளில்தான் தெரியும்: யாருக்கு ஆபரேஷன், யாருக்குத் திருமண ஓலை, யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யார் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: பெயரில் என்ன இருக்கிறது? இரண்டு காலக் கதை என்றாலே ஏன் எல்லோரும் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நட்டாலத்தில் பிறந்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகண்டனாகப் பிறந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் லாசர் என்று பெயர் கொடுத்தார்கள், அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கதை அதோடு முடியவில்லை. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன்பு, அத்தனை காலம் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்க வேண்டும் என்று முறையிட்டார்கள், எடுத்தும்விட்டார்கள். இறந்து 270 வருஷம் கழித்தும் அவர் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தோம். நாவலில் எழுதினால் 'மிகை' என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

இன்னும் ஒன்று. நம் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பேதுரு கத்தோலிக்க வீட்டில் இராயப்பன், பவுல் சின்னப்பன், யோவான் அருளப்பன். பாத்திரம் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

இடம் முடிகிறது. தாம்பரம் தங்கச்சிக்கு ஒரு வேலை: அந்தத் தாளைப் படமெடுக்கும்போது நேரே பிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டறையில் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பேனா அழுத்திய பள்ளமெல்லாம் எழும்பித் தெரியும். 'ஞானம்மாள்' எழுதியவரும் 'மாடத்தி' எழுதியவரும் ஒரே அழுத்தம்தானா என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.