கலண்டரில் வட்டமிட்ட நாட்கள்: மகளின் படிப்பு பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்கச் சனிக்கிழமை நீங்கள் அவளோடு வந்து போன பிறகும் உங்கள் கேள்வி ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. "இவ்வளவு படிச்சவள் மாட்டுக் கொட்டிலுக்குள்ள நிக்கிறதோ மிஸ்?" என்று கேட்டீர்கள். வெளியே வேறு பிள்ளைகள் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் அவளது இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கு எட்டாது, மிருக வைத்தியத்துக்கு எட்டும்போல் இருக்கிறது. மூன்றாம் தரமும் உயர்தரப் பரீட்சை எழுதவைத்து டொக்டராக்கிவிட வேண்டும் என்பது உங்கள் எண்ணம். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஃபோன் பேச வெளியே போயிருந்தபோது மகள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள்.

உங்கள் வீட்டு ஜேர்சிக் கலப்புப் பசுவுக்கு மூன்று தரம் சினை ஊசி போட்டும் சினைப்படவில்லை அல்லவா? சினைப்படாத மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வந்து கத்தும். அப்படிக் கத்திய ஒவ்வொரு நாளையும் அவள் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இடையில் 21 நாள். அடுத்தது 22. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மாடு திரும்பக் கத்தியது 35ஆம் நாள். "42 எண்டால் இடையில ஒருக்கா நாங்கள் கவனிக்கேல்லை எண்டு நினைக்கலாம் மிஸ். 35 ஏன் வந்தது?" என்று கேட்டாள்.

இத்தனை வருடமாக எத்தனையோ பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். "எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியோடு வந்தவர்கள் மிகக் குறைவு.

அவள் கேட்டது சின்ன விஷயம் இல்லை. பசுவின் முளையம், அதாவது தொடக்க நிலைக் கரு, கருக்கட்டி நாலைந்து நாளில் கருப்பைக்குள் வந்துவிடும். ஆனால் மனிதரில் போல ஒரு கிழமையிலேயே ஒட்டிக்கொள்ளாது. ஒட்டத் தொடங்குவது ஏறக்குறைய 19, 20ஆம் நாளில்தான். அதுவரை கருப்பையின் உட்சுவர் சுரக்கும் நீரில் மிதந்து, அதையே உண்டு வளர்கிறது. அந்த நீரில் என்ன இருக்க வேண்டும் என்பதை உட்சுவரில் எந்தப் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) வேலை செய்கின்றன என்பது தீர்மானிக்கிறது. மடியிலும் ஈரலிலும் கருப்பையிலும் இருப்பது ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான். எது எந்த நாளில் விழிக்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் இந்த மாற்றத்தை நாளுக்கு நாள் நடத்துகிறது.

13ஆம் நாள் அளவு வரை, உள்ளே முளையம் இருக்கும் மாட்டின் கருப்பையும் இல்லாத மாட்டின் கருப்பையும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நடந்துகொள்கின்றன. அதன் பிறகு, ஓரிரு மில்லிமீற்றர் இருந்த முளையம் சில நாட்களுக்குள் பல சென்ரிமீற்றர் நீள நூலாக நீள்கிறது. 16ஆம் நாளையொட்டி இன்டர்பெரோன் டௌ என்ற புரதத்தை நிறையச் சுரக்கிறது. மற்ற இன்டர்பெரோன்கள் வைரசை எதிர்க்க உடம்பு பயன்படுத்துபவை. மாடும் ஆடும் அந்தக் குடும்பத்துப் புரதம் ஒன்றையே "நான் இங்கே இருக்கிறேன்" என்று தாய்க்குச் சொல்லப் பயன்படுத்துகின்றன. அந்தச் செய்தி கிடைத்தால் கருப்பை, மஞ்சட்சடலத்தை அழிக்கும் புரொஸ்டகிளாண்டினை வெளிவிடாமல் நிறுத்திக்கொள்கிறது. கிடைக்காவிட்டால் மஞ்சட்சடலம் அழிந்து, 21ஆம் நாளையொட்டி மாடு மறுபடி கத்தும்.

இப்போது கலண்டரைப் பாருங்கள். 21, 22 நாளில் கத்திய இரண்டு தடவையும் முளையம் இருந்திருக்காது, அல்லது 16ஆம் நாளுக்கு முன் அழிந்திருக்கும். 35ஆம் நாள் என்றால், முளையம் தன் செய்தியைச் சொல்லி, தாயும் அதை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே கரு அழிந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் பொருள். நல்ல நிலையில் உள்ள மாடுகளில் நூற்றுக்கு 90 அளவில் கருக்கட்டுகிறது. ஆனால் கன்று கிடைப்பது ஏறக்குறைய பாதியில்தான். பால் அதிகம் கறக்கும் இனங்களில் அதிலும் குறைவு. இழப்பில் பெரும்பகுதி இந்த முதல் மூன்று கிழமைக்குள் நடக்கிறது. இன்டர்பெரோன் டௌவைக் கண்டறிந்த ரொபர்ட்ஸ், பேசர் என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் விவசாயத்துக்கான வூல்ஃப் பரிசு கிடைத்தது. உங்கள் மகள் வட்டமிட்ட இடத்தில்தான் அவர்களும் நின்றார்கள்.

கொட்டிலுக்குள் நிற்பதைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் ஊரில் மாடு கன்று போட்டதும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) உமல் என்ற ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்களே, அந்தக் கொடி நேரத்துக்கு விழாவிட்டால் கருப்பையில் கிருமி தொற்றும். அந்தத் தொற்று மாறினாலும் உட்சுவரில் அழற்சிக்குரிய பரம்பரையலகுகள் சில காலம் அடங்காமல் இருக்கும். அடுத்த சினை தள்ளிப்போகும். தவிடு, பிண்ணாக்கு, வெயில், கொடி விழுந்த நேரம் எல்லாவற்றின் தாக்கமும் கருப்பைக்குள் போய்ச் சேர்கிறது. மாட்டின் சினைப்படும் திறனில் பரம்பரையாக வரும் பங்கு மிகச் சிறியது. வளர்ப்பு முறைக்கே பெரும் பங்கு. அதனால் கொட்டிலில் நிற்காமல் இதைப் படிக்கவே முடியாது, அம்மா. கை நீளக் கையுறை போட்டு மாட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கவும் வேண்டிவரும். பெண்பிள்ளைகளும் நிறையப் பேர் இதைப் படித்து வேலை செய்கிறார்கள்.

வழி இதுதான். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே. ஐந்து வருடம், ஆங்கிலத்தில். முடித்து மிருக வைத்திய சபையில் பதிந்தால் அரச மிருக வைத்தியராகலாம். அது கிடைக்காவிட்டால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம். அங்கும் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். பரம்பரையலகு ஆய்வையே முழுநேர வேலையாகத் தரும் இடங்கள் நாட்டுக்குள் குறைவு, இதை மறைக்க மாட்டேன். மேற்படிப்புக்கு டப்ளின், புளோரிடா, மிசூரி பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக்குப் பெயர் உண்டு. உதவித்தொகையோடு போக வேண்டுமென்றால் ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் பலமாக இருக்க வேண்டும். இரண்டிலும் அவளுக்கு இப்போது தட்டுப்பாடு. பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் இருக்கும் இடைவெளியில் ஆர் என்ற இலவசக் கணினி மொழியைப் பழகட்டும். மாட்டுக் கருப்பைப் பரம்பரையலகுத் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. பழைய லப்டொப் போதும்.

மூன்றாம் தரம் எழுதுவது பிழையில்லை, அவள் மருத்துவத்துக்காக ஏங்கினால். அவள் ஏங்கவில்லை. விண்ணப்பத்தில் மிருக வைத்தியத்தை முதலாவதாகப் போடுங்கள்.

அப்புறம், அந்தக் கலண்டரை எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஊசிக்கு முன் உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் மகளே அதைக் கொண்டுபோய், 35 நாள் இடைவெளியைக் காட்டி, கருப்பையைச் சோதிக்கச் சொல்லட்டும்.