ட்ரைன்னா என்னங்க?

கேள்வி: பார்சல் ஆபீஸ் வெச்சிருக்கறனுங்க. ஊர்ப்பேரு டைப் பண்ணப் பண்ண மிச்சம் தானா வரோணும்னு பையன்கிட்ட சொன்னேன், ட்ரை போட்டா ஆகும்கறான். அதென்னங்க? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பையன் சரியாத்தான் சொல்றானுங்க. பெருந்துறை, பெருமாநல்லூர், பெரியநாயக்கன்பாளையம் மூணுக்கும் மொத எழுத்து 'பெ'தானே, அதை ஒருக்கா மட்டும் வெச்சுட்டு 'ரு', 'ரி'ன்னு கிளை பிரிச்சுட்டே போறதுதான் ட்ரை, லட்சம் ஊரு இருந்தாலும் தேடுற பேருல எத்தனை எழுத்தோ அத்தனை படிதான் எறங்கோணும், எனக்கு இதுல ரொம்பப் புடிச்சதே அதானுங்க. 1960ல எட்வர்ட் ஃப்ரெட்கின்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி வெச்ச பேரு, ரிட்ரீவல் (தேடி எடுக்கறது)ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்குள்ள இருந்து எடுத்தது.

உங்கூரையே பாருங்க, 'கோபி'யும் பேரு, 'கோபிசெட்டிபாளையம்'ங்கறதும் பேரு, அதனால 'பி' நோடுல, அதாவது அந்த எழுத்து நிக்கற கணுவுல, இங்க ஒரு பேரு முடியுதுன்னு குறி வெக்கோணும், இல்லீன்னா கோபி காணாமப் போயிரும். இன்னொண்ணு, யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்துக்குக் குடுக்கற நம்பர் முறையில, 'பெ'ங்கறது ப தனி கொம்பு தனி, ரெண்டு குறியீடு, அப்படியே போட்டா 'ப' அடிச்சதும் பல்லடத்தோட பெருந்துறையும் வந்து நிக்கும், முழு எழுத்தாப் பிரிச்சுப் போடச் சொல்லுங்க. மெமரி கொஞ்சம் கூடத் திங்கும், ஊர்ப்பேருக்கு அது பெருசில்லீங்க.