சப்சோனிக் தோட்டாவால் வாலபி வேட்டை: எத்தனை மீட்டர் வரை சுடலாம்?

கேள்வி: நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வைமாட்டி அருகே ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன். துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறேன். முயல்களை .22 ரைஃபிளில் சைலன்ஸர் மாட்டி, சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவால் சுட்டுப் பழக்கம். சிறு கங்காரு போன்ற வாலபிகளுக்காக .300 பிளாக்அவுட் போல்ட் ரைஃபிள் வாங்கி, அதற்கும் சைலன்ஸர் மாட்டி, 220 கிரெயின் எடைக் குண்டுள்ள சப்சோனிக் தோட்டா போடுகிறேன். சென்ற வாரம் 120 மீட்டரில் சுட்ட வாலபி, குண்டு பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டும் ஓடி மறைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. குறை என்னிடமா, தோட்டாவிடமா? மீதி இருக்கும் தோட்டாக்களை என்ன செய்வது?

பதில்: தூரம் உங்கள் குறை. மற்றது தோட்டாவின் குறை. ஆனால் அந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான்.

முதலில் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டின் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கிறதா? விலை மலிவான 220 கிரெயின் சப்சோனிக் தோட்டாக்களில் பெரும்பாலும் இந்தக் குண்டுதான் இருக்கும். துளையைப் பார்த்ததும் இது உடலுக்குள் விரியும் வேட்டைக் குண்டு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் இது காகித இலக்கைச் சுடும் போட்டிகளுக்கான குண்டு. தாமிர உறையைப் பின்பக்கம் மூடி, முன்பக்கமாக ஈயத்தை நிரப்புவதால் எஞ்சும் துளை அது. சப்சோனிக் வேகத்தில் இது விரியாது. பென்சில் துளைத்ததுபோல ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். உங்கள் வாலபிக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 220 கிரெயின் என்பது சுமார் 14 கிராம். அது குழலைவிட்டு வெளியேறும்போது வினாடிக்கு 308 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் 675 ஜூல் அளவில் நிற்கும். அதே ரைஃபிளில் 125 கிரெயின் சாதாரண வேட்டைத் தோட்டா 1800 ஜூலைத் தாண்டும். மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் .308 ரைஃபிள் என்றால் 3500 ஜூல். அதாவது, தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளில் இருந்து பெரிய கைத்துப்பாக்கியின் அடியைத்தான் நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். சாதாரண வேட்டைக் குண்டுகள் ஒழுங்காக விரிய வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். ஆகவே ஒரு நல்ல வேட்டைக் குண்டை வாங்கி மெதுவாக அனுப்பினாலும் பயனில்லை. குறைந்த வேகத்துக்கென்றே வடிவமைத்த குண்டு வேண்டும். ஹார்னடி நிறுவனத்தின் 190 கிரெயின் சப்-எக்ஸ் அந்த வகை. விலை கூடுதல்தான். வாலபிக்கு இனி அந்த வகையை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தூரம். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த சப்சோனிக் .300, 100 மீட்டரில் சுமார் 23 செ.மீ. கீழே அடிக்கும். 120 மீட்டரில் 40 செ.மீ. வாலபி 120 மீட்டரில் நிற்க, நீங்கள் அதை 110 என்று மதிப்பிட்டிருந்தால் குண்டு 9 செ.மீ. இறங்கிவிடும். வாலபியின் நெஞ்சுக்கூட்டில் 9 செ.மீ. என்பது நுரையீரலுக்கும் குடலுக்கும் உள்ள இடைவெளி. புல்வெளியில், மாலை வெளிச்சத்தில், கண்ணளவில் 10 மீட்டர் துல்லியமாகச் சொல்லக்கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. லேசர் தூரமானி இல்லாமல் இந்தத் தோட்டாவோடு வெளியே போகாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குண்டு 100 மீட்டர் போக ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கும். ஒலியைவிட மெதுவாகப் போவதால், சைலன்ஸர் விட்டுவைத்த மிச்சச் சத்தம் குண்டை முந்திக்கொண்டு விலங்கின் காதை எட்டும். முந்துவது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அதைக் கேட்டு விலங்கு ஒதுங்க முடியாது. ஆனால் மேய்ந்துகொண்டே நகரும் வாலபி, நீங்கள் விசையை அழுத்தியபின் ஓர் எட்டு வைக்க அந்த மூன்றில் ஒரு பங்கு வினாடி போதும். நிற்கும் விலங்கை மட்டும் சுடுங்கள்.

என் வரம்பைச் சொல்கிறேன்: விரியும் சப்சோனிக் குண்டோடு வாலபிக்கு 70 மீட்டர். காட்டு ஆடு கிடைத்தால் 50. .22 சப்சோனிக்கில் முயலுக்கு 50, அதுவும் தலையில். அது 75 மீட்டரில் 8 செ.மீ. இறங்கும், முயலின் தலை அவ்வளவு பெரிதில்லை.

'அப்படியென்றால் சைலன்ஸர் எதற்கு?' என்று கேட்பீர்கள். சத்தம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. குழல் முனையில் வெடித்து வெளியேறும் வாயு ஒன்று. ஒலியை மிஞ்சிப் போகும் குண்டு வழிநெடுக எழுப்பும் சாட்டையடி போன்ற சத்தம் மற்றொன்று. சைலன்ஸர் முதலாவதை மட்டும்தான் அடக்கும். 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கி கண்ட மாக்சிமின் மகன். தகப்பன் கிளப்பிய சத்தத்தை மகன் அடக்கப் பார்த்தார் போலும். சாதாரண வேட்டைத் தோட்டாவோடு சைலன்ஸரைப் பயன்படுத்தினால், சாட்டைச் சத்தம் இருக்கும். ஆனால் உங்கள் காது தப்பும், உதைப்பு குறையும், சுட்டவர் எங்கே இருக்கிறார் என்று விலங்குக்குப் பிடிபடாது. 70 மீட்டருக்கு மேல் வாலபி நின்றால் 125 கிரெயின் சாதாரணத் தோட்டாவைப் போடுங்கள். வாலபி வேட்டையில் பாதிக்கு மேல் எனக்கு அதுதான்.

ஒரே நாளில் இரண்டையும் கலக்காதீர்கள். சாதாரணத் தோட்டாவுக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் சப்சோனிக் போட்டால் 100 மீட்டரில் 40 செ.மீ. கீழே போகும். சைலன்ஸரைக் கழற்றினாலும் குறி நகரும். எந்தத் தோட்டாவோ அதைப் போட்டு, சைலன்ஸர் மாட்டிய நிலையிலேயே குறி சரிசெய்யுங்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர், உறைநிலையில் 331. சென்ற குளிர்காலத்தில் வெளிர் உறைபனி படிந்த ஒரு காலை, 'சப்சோனிக்' என்று எழுதாத, நிதானமான வேகம் கொண்ட .22 தோட்டாவை எடுத்துப் போனேன். கோடையில் பஞ்சுபோலச் சத்தமில்லாமல் போன அதே பெட்டி. முதல் குண்டே பளாரென்று அடித்தது. வயல் முழுக்க முயல்கள் ஒரே நொடியில் வளைக்குள். குளிர்காலத்துக்கு வினாடிக்கு 320 மீட்டரைத் தாண்டாததாகப் பாருங்கள்.

இனி ஆபத்தானவை. மெதுவான, கனமான குண்டு கல்லில் பட்டால் உடையாமல் துள்ளிப் பாயும். பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாதீர்கள். நீண்ட குண்டு நிலையாகச் சுழல, குழலின் உட்புரி 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டு தள்ளாடி சைலன்ஸரின் உட்தகடுகளை இடித்துவிடும். காகிதத்தில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துளைபோல விழுந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் .223 ரைஃபிளும் இருந்தால் இரண்டு தோட்டாக்களையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள். .300 பிளாக்அவுட் தோட்டா சில .223 ரைஃபிள்களில் நுழைந்து மூடிக்கொள்ளும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும்.

அடிபட்டு ஓடிய விலங்குக்கு: நின்ற இடத்தையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, கால்மணி நேரம் பொறுத்துத் தேடுங்கள். சப்சோனிக் காயத்தில் இரத்தம் குறைவாகத்தான் சிந்தும். புல்லில் மடிந்த தடத்தையும் பாருங்கள்.

உங்கள் அலமாரியில் மீதி இருக்கும் 220 கிரெயின் தோட்டாக்களை வீசவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். காகித இலக்கில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்; 50, 60, 70, 80 மீட்டரில் தனித்தனியாக ஐந்து ஐந்து. துளைகளின் உயரத்தை அளந்து, சிறு அட்டையில் எழுதி, ரைஃபிள் கட்டையில் ஒட்டிவையுங்கள். சப்-எக்ஸ் வந்ததும் அதே அட்டையை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.