கேட்டதையே கேட்கிறார் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஏழெட்டு மாதமாக ஒரு மாற்றம் தெரிகிறது. ‘பால்காரருக்குப் பணம் கொடுத்தாச்சா?’ என்று அரை மணி நேரத்தில் நான்கு தடவை கேட்கிறார். போன மாதம் கோயிலுக்குப் போனவர், எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பூக்கடைக்கார அம்மாதான் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். 40 வருடமாக நடக்கிற தெரு அது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச் சத்தில் செய்த ஞாபகசக்தி மாத்திரை), மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் என்று மூன்று டப்பா அனுப்பியிருக்கிறான். பெரியம்மா வல்லாரை லேகியம் கொடுக்கச் சொல்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் அம்மா, ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று அழுகிறார். அல்சைமராக இருந்தால் குணப்படுத்த முடியாதாமே, அப்புறம் எதற்குப் பரிசோதனை? எனக்கும் வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி பூக்கடைக்கார அம்மாவைப் பற்றியது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், கல்யாண வீட்டில் பார்த்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் போவதும் எல்லோருக்கும் உண்டு. 40 வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது அப்படிப்பட்டதில்லை. வயது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மாதத்துக்குள் ஒரு மருத்துவர் அம்மாவைப் பார்த்துவிட வேண்டும்.

மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர்தான் என்று முடிவு கட்டுவதும் இப்போது வேண்டாம். எனக்கு உடனே தோன்றியது பி12. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வைட்டமின் உடலில் சேருவது குறையும். அசைவம் சாப்பிடாதவராக இருந்தால் இன்னும் குறையும். பி12 நன்றாக இறங்கினால் மறதி, தடுமாற்றம், பாதத்தில் மதமதப்பு எல்லாம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடலாம். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவது, தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் இவையும் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். கையில் இருந்த மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஒன்பது டப்பா! இதயத்துக்கு ஆஸ்பிரின், ஞாபகத்துக்கு ஜின்கோ, இன்னும் என்னென்னவோ. “எங்கேயாவது விழுந்தாரா?” என்று கேட்டேன். மகள் இல்லை என்று தலையாட்டினார். பெரியவர் மட்டும் மெதுவாக, “பாத்ரூம் வாசல்ல, பொங்கலுக்கு முந்தி” என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஸ்கேன் எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. துளையிட்டு வெளியேற்றினார்கள். ஒரு மாதம் கழித்து வந்து, பேரன் எந்த வகுப்பில் எந்தப் பிரிவில் படிக்கிறான் என்று அவரே என்னிடம் சொன்னார். அந்தக் குடும்பம் நான்கு மாதமாக அவருக்கு ஞாபகசக்தி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது தம்பி அனுப்பிய டப்பாக்களுக்கு வருகிறேன். அவர் பாசத்தில் அனுப்பியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஜின்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம், தினம் 120 மில்லிகிராம் இரண்டு வேளை என்று ஏறக்குறைய ஆறு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மறதி நோய் வருவதை அது குறைக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஜின்கோவைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் வேறு. மீன் எண்ணெயில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்புச் சத்தை அல்சைமர் வந்த 402 பேரிடம் ஒன்றரை வருடம் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2010-ல் வெளியானது. குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. அதன் சத்தைச் செறிவாக்கி அடைத்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. வல்லாரைத் துவையல் அம்மாவுக்குப் பிடித்தால் தாராளமாக அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரை. லேகியம் வேண்டாம், அதில் இருக்கும் வெல்லமும் சர்க்கரையும் அவருக்கு ஆகாது. பி12 குறைந்திருந்தால் பி12 கொடுப்பது சிகிச்சை. எது குறைகிறது என்று பார்க்காமல் கொடுப்பது காசுக்கும் நாளுக்கும் நஷ்டம்.

குணமாகாத நோய்க்கு எதற்குப் பரிசோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும். நான் மருத்துவராக இருந்தும் என் அப்பாவிடம் கோட்டை விட்டேன். தலைமை ஆசிரியராக இருந்தவர். ஒரே செய்தியை இரண்டு தடவை சொன்னபோது ‘வயசாச்சு’ என்று நானே சொன்னேன். இரண்டு வருடம் போய்விட்டது. பிறகு பரிசோதனையில் ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, முள்ளை எங்கே போடுவது என்று என் முகத்தைப் பார்த்தார். கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுகிறவர். அதற்குள் அவர் கையெழுத்து முதல் எழுத்தோடு நின்றுவிட ஆரம்பித்திருந்தது. வங்கியில் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். யாரிடம் பவர் வாங்கியிருந்தாலும், கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது முடிந்துபோகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீடு யாருக்கு, வைத்தியம் எங்கே, யாரோடு இருக்க ஆசை என்று எதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளும் காலம் கடந்திருந்தது. உங்கள் அம்மாவுக்கு அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. அல்சைமர் என்றே வந்தாலும், அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்கலாம், தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதலாம், கணக்கில் உங்கள் பெயரைச் சேர்க்கலாம்.

மருந்தே இல்லை என்றும் இல்லை. டொனெபெசில் போன்ற மாத்திரைகள் நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் நிதானத்தைத் தரும். அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெகானமாப், 2024-ல் அனுமதி பெற்ற டொனானமாப் ஊசிகள் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. அவையும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான். மூளையில் வீக்கமோ கசிவோ வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் போடுகிற ஊசி இல்லை.

உங்களுக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். நேரடியாகத் தலைமுறைக்கு இறங்கும் வகை மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளை வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் உலகில் 45 சதவீதம் வரை மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடலசைவு இல்லாமை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றும் இருக்கிறது: காது. டிவி சத்தத்தை அம்மா கூட்டி வைக்கிறாரா, பாருங்கள். சரியாகக் காதில் விழாததே ‘மறந்துவிட்டார்’ என்று ஆகிவிடும். காது மிஷின் வைக்கக் கூச்சப்பட்டு நாலு பேரோடு பேசாமல் ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்புரை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தம்பி மாதாமாதம் டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்கு அனுப்பச் சொல்லுங்கள். சாயங்காலம் நீங்களும் அம்மாவும் சேர்ந்து அரை மணி நேரம் நடந்தால் இருவருக்குமே நல்லது, கோயிலுக்கு அவர் தனியாகப் போகவும் வேண்டியிருக்காது.

அம்மாவிடம் ‘மறதிக்குக் காட்டப் போகிறோம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘சர்க்கரைக்கு இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்க, பி12-ம் தைராய்டும் பார்த்துடலாம்மா’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். அவர் நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் அனுப்புவார். உங்கள் ஊரிலிருந்து சென்னை தூரமில்லை. கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை 2024-லிருந்து இயங்குகிறது. போகும்போது எல்லா டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், லேகியம் உட்பட. ஒரு நோட்டில் என்ன நடந்தது, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். கோயில் நாளை முதலில் எழுதுங்கள். சமீபத்தில் விழுந்தாரா என்று அம்மாவிடமே, தனியாக, பதறாமல் கேளுங்கள். பரிசோதனை முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், பி12 எவ்வளவு வந்தது என்று அதில் குறிப்பிடுங்கள்.