வெண்படலம் போனது, மரு வந்தது

கேள்வி: 4 ஆண்டுகளாக ஹெச்ஐவி கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். நாக்கிலிருந்த வெண்படலம் போய்விட்டது. இப்போது உதட்டின் உள்ளே சிறு மரு. மருந்து வேலை செய்யவில்லையா? வயது 34.

பதில்: மருந்து வேலை செய்கிறது, சகோதரி. நிறுத்திவிடாதீர்கள். வெண்படலம் பூஞ்சையால் வருவது. எதிர்ப்புச் சக்தி ஏறியதும் அடங்கிவிடும். 1996இல் கூட்டு மருந்து வந்தபின், அண்ணத்தில் ஊதா நிறத்தில் படரும் கபோசி சர்கோமா என்ற புற்றுநோய் எவ்வளவோ குறைந்தது. பல் மருத்துவராக எனக்கு அது இன்றும் ஆறுதல்.

மரு வேறு கதை. அது ஹெச்பிவி என்ற வேறொரு வைரஸால் வருவது. கூட்டு மருந்துக்கு அவ்வளவாக மசியாது. பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் ஹெச்பிவிதான் காரணம். ஹெச்ஐவி உள்ள பெண்களுக்கு அந்த அபாயம் சுமார் 6 மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதனை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதுவரை செய்யவில்லை என்றால், இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.